பைப்புக்கு மேலே ஒரு புங்கை

கடப்பாரையை இறக்குவதற்கு முன்னால் முனீஸ்வரி ஒருமுறை பின்வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டாள். பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. எதற்குப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும். முன்வீடு அப்பாவுக்கு, பின்வீடு பெரியப்பாவுக்கு என்று பிரித்து எழுதி இரண்டு வருஷம் ஆகிறது, முன்வீட்டு வாசலில் கிடக்கிற மண் முன்வீட்டு மண், அதில் முன்வீட்டுப் பெண் ஒரு புங்கங்கன்று நடப்போகிறாள், அவ்வளவுதானே. அவ்வளவுதான் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வீடு பிரிந்தது, அடுப்பு பிரிந்தது, ரேஷன் கார்டு பிரிந்தது, பேச்சு அறுந்தது, குடிதண்ணீர் வருகிற பைப் மட்டும் பிரியவில்லை. கேட்டோரம் மீட்டர், மீட்டரை ஒட்டி இவர்கள் வீட்டுக் குழாய், அதைத் தாண்டி மிச்சத் தண்ணீர் இந்த வாசலுக்கு அடியிலேயே ஊர்ந்து பின்வீட்டுக்குப் போகிறது. மீட்டரிலிருந்து பின்வீட்டுத் தொட்டிக்கு மனசுக்குள் ஒரு நூல் பிடித்தால் அது வீட்டின் தென்பக்கச் சந்து வழியாகத்தான் போகும். அந்தச் சந்து தொடங்குகிற இடத்தில்தான் அவள் இப்போது நிற்கிறாள், காலடியில் செங்கல் துண்டால் கீறிய ஒரு வட்டம். கன்றுக்குக் காலை வெயில் கிடைக்கிற இடம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். இந்த ஊரில் காலை வெயில் கிடைக்காத இடம் என்று ஒன்று இருந்தால் அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அம்மாவும் அதை நம்பவில்லை. "அங்கன எதுக்குடி வைக்கிறே, அங்கன பைப் போகுது. புங்கை வேரு தண்ணி எங்கன இருக்குன்னு மோப்பம் பிடிச்சுப் போகும். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாமதான் வேணும்னே செஞ்சோம்பாக," என்று நேற்றுச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். சொல்லட்டும், என்றாள் இவள். பைப்தானே, ஒடைஞ்சா ஒடையட்டும், நம்ம எடத்துக்குள்ள போறதுக்கு அதுக்கு யாரு வழி குடுத்தது? அம்மாவுக்குப் பதில் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஏனத்தை ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது, அது பெரியம்மாவின் பதில்.

முதல் அடி. கடப்பாரை மண்ணில் இறங்கவில்லை, துள்ளி உள்ளங்கையைச் சுட்டது. கரிசல் மண் காய்ந்து கிடந்தால் அது மண் இல்லை, ஓடு. வெடிப்பு பார்த்து முனையைச் செருகி நெம்ப வேண்டும், அப்போதுதான் பாளம் பாளமாகப் பெயர்கிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாலைந்து அடியில் மண்ணே சொல்லிக்கொடுத்துவிட்டது. பெயர்ந்த பாளத்தின் அடிப்பக்கம் கொஞ்சம் கறுப்பு கூடுதலாக இருந்தது, ஈரமோ, இல்லை, நிழல். குழாயடியில் அம்மா குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தண்ணி நாள். வாரத்தில் ஒருநாள் வருகிற தண்ணீர், காலையில் வரும், மத்தியானம் வரும், சில வாரம் வரும் என்று சொல்லியே பொழுது போய்விடும். திறந்து வைத்த குழாய் அவ்வப்போது செருமியது, காற்றுதான். "தண்ணி நாளாப் பாத்துத்தான் மகாராணிக்குத் தோட்டவேலை," என்றாள் அம்மா காயிடம் சொல்கிற மாதிரி. நாளைக்கு ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும், காலேஜில் கொடுத்த கன்று கறுப்புப் பையிலேயே வாடுகிறது, இன்றைக்கு விட்டால் இனி தீபாவளிக்குத்தான். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கோர்ட்டில் வைத்தால் ஒவ்வொன்றும் நிற்கும். ஆனால் காரணம் அது இல்லையே, காரணம் ஜன்னல்.

அந்த ஜன்னலைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள், கடப்பாரை ஏறி இறங்குகிற தாளத்தில் அது தானாக வந்து நின்றது. வடக்குப் பார்த்த ஜன்னல், அவள் அறையில் இருந்த ஒரே ஜன்னல். பத்தாம் வகுப்பிலிருந்து அதன் கீழேதான் மேஜை, பகல் முழுக்க விளக்குப் போடாமல் படிக்கலாம், மழை வருகிறதா என்று பார்க்கலாம், தெருமுனையில் அப்பாவின் காக்கிச் சட்டை திரும்புவதைப் பார்க்கலாம். பாகப்பிரிவினையில் வடபக்கத்து நடைபாதை பெரியப்பாவுக்கு என்று ஆனது, சரி, அவர்கள் தெருவுக்கு வர ஒரு வழி வேண்டும், அதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் போன வருஷம் அவள் பரீட்சைக்கு மதுரையில் இருந்தபோது பெரியப்பா அந்தப் பாதையோரமாகச் சுவர் எழுப்பினார். வந்து ஜன்னலைத் திறந்தாள், கதவு பாதி திறந்து செங்கல்லில் முட்டி நின்றது. ஒரு சாண் இடைவெளி. பூச்சுகூடப் பூசவில்லை, செங்கல்லுக்கு நடுவே சிமெண்டு பிதுங்கிக் காய்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு முதலில் தோன்றியது கோபம் இல்லை. யாராவது ஒருத்தர், சுவரின் அந்தப் பக்கம் நின்ற பெரியப்பாவோ, கல் எடுத்துக் கொடுத்த தங்கபாண்டி அண்ணனோ, ஒரு வரிசை கட்டி முடித்ததும் இந்த ஜன்னலைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு அடுத்த வரிசையைக் கட்டியிருப்பார்கள். வரிசை வரிசையாக அவர்கள் பார்த்தார்கள். கோபம் அதற்கு அப்புறம் வந்தது, வந்தது போகவில்லை. அப்பா என்ன செய்தார்? அப்பா பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர், நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களோடு சில்லறைக்குச் சண்டை போடுகிற மனுஷன், அண்ணன் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. "ஒரு டியூப்லைட் வாங்கிப் போட்டுக்கிருவோம், விடும்மா," என்றார். விடும்மா. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்கி எறிந்துவிட்டால் அவருக்குப் பேசுவதற்கே ஒன்றும் மிஞ்சாது. டியூப்லைட் வந்தது. நடுப்பகலில் டியூப்லைட் எரிகிற அறையில் உட்கார்ந்து சொத்துரிமைச் சட்டம் படிக்கிறாள், இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

முழங்கால் ஆழம் வந்துவிட்டது. இடுப்பை நிமிர்த்தினாள், முதுகில் ஒரு வரி வியர்வை இறங்கிப் பாவாடைக் கட்டில் நின்றது. பைப்பைக் காணோம். ஊரில் பைப் என்ன பாதாளத்திலா போகிறது, முழங்கை ஆழத்தில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டுப் போவதுதான் வழக்கம், இதற்குள் வந்திருக்க வேண்டுமே. இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளியோ. குழியின் சுவரைக் கடப்பாரையின் முனையால் மெல்லத் தட்டிப் பார்த்தாள், மெல்ல, ஏன் மெல்ல? தட்டும்போது கை தானாக மெதுவாகிறது, அப்புறம் ஓங்குகிறது. கன்று வைக்கத்தான் குழி, பைப்பைத் தேடுவதற்கு இல்லை, பின்னே ஏன் பைப்பைக் காணோம் என்று ஏமாற்றமாக இருக்கிறது? சரி, ஒத்துக்கொள்கிறாள், யாரும் கேட்கவில்லை, தனக்குத் தானே ஒத்துக்கொள்கிறாள்: உடைய வேண்டும் என்றுதான் இருக்கிறது. வேர் போய் உடைக்க அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரை பொறுக்க முடியாது. கடப்பாரை பட்டு உடைந்தது, கன்று வைக்கப் போனேன், பைப் இங்கே போகிறது என்று யார் சொன்னார்கள், வரைபடம் இருக்கிறதா, காட்டுங்கள். என்ன அழகான வாதம். பெரியப்பா வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், நின்று, அம்மாடி, என்று ஆரம்பிக்க வேண்டும், அப்போது இவள் ஜன்னலைக் கையால் காட்டுவாள், ஒரு வார்த்தை பேச மாட்டாள். இந்தக் காட்சியை நாலு நாளாகப் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் காட்டுகிற கை இன்னும் கொஞ்சம் நீளமாகிறது.

பின்வீட்டில் குழந்தை அழுதது. உடனே நின்றது, பால் கொடுத்திருப்பாள். செண்பகம் மதினிக்குப் பிறந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது, ஆணா பெண்ணா என்பதே தெருவில் மாவு அரைக்கப் போன இடத்தில்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. பெண். அழுகையை வைத்துப் பார்த்தால் நல்ல தொண்டை, எதிர்த்துப் பேசுவாள். தங்கபாண்டி அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி வந்த புதிதில், எல்லாம் ஒரே வீடாக இருந்தபோது, மதினி இவளுடைய சட்டப் புத்தகத்தைப் புரட்டி, "ஏ முனீசு, புருசன் கொறட்டை விட்டா எந்தப் பிரிவுல உள்ள போடலாம்?" என்று கேட்பாள். அதற்கு இவள் பிரிவு எண்ணோடு பொய்யாக ஒரு பதில் சொல்வாள், மதினி அதை மனப்பாடம் செய்துகொண்டு போய் அண்ணனை மிரட்டுவாள். சுவர் வந்த பிறகு தெருவில் பார்த்தால் இரண்டு பேரும் கையிலிருக்கிற பையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இன்றைக்குத் தண்ணீர் பின்வீட்டுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, போரில் உப்புத் தண்ணீர் இருக்கிறது, குளிக்கலாம் துவைக்கலாம். குழந்தைக்கு? கேன் வாங்குவார்கள். கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் வயிற்றுக்கு ஆகாது என்று அம்மா யாரிடமோ சொன்னாள், அது சாஸ்திரமா மூடநம்பிக்கையா தெரியவில்லை. இதெல்லாம் ஏன் நினைக்க வேண்டும், ஜன்னலை அடைக்கும்போது அவர்கள் இவளுடைய கண்ணைப் பற்றி நினைத்தார்களா.

ஆனால் தடை அங்கே இல்லை, தடை வேறு இடத்தில் இருந்தது, அதைத்தான் நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறாள், புண்ணைச் சுற்றி ஈ வருகிற மாதிரி. ஜன்னல் விஷயத்தை யாரோ ஒரு சிநேகிதி வீட்டுக் கதை மாதிரி வகுப்பில் அருள்மொழி மேடத்திடம் கேட்டாள். மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்: ஒரே சொத்தைப் பங்கு பிரிக்கிறபோது, அதுவரைக்கும் ஒரு பங்கு எப்படி அனுபவிக்கப்பட்டு வந்ததோ அப்படி அனுபவிக்கத் தேவையானது தொடரும், கண்ணுக்குத் தெரிகிறதாக இருக்க வேண்டும், இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும், வெளிச்சம் அப்படிப்பட்டதுதானே, சிநேகிதியை நல்ல வக்கீலாகப் பார்க்கச் சொல். அன்றைக்கு முழுக்க முனீஸ்வரி தரையில் நடக்கவில்லை. அப்பாவிடம் போனில் சொன்னாள், அப்பா, "அண்ணன் மேல கேஸா?" என்று மட்டும் கேட்டார், பஸ்ஸில் யாரோ விசில் கேட்டார்கள், வைத்துவிட்டார். அது போகட்டும். வாதம் கையில் இருக்கிறது, சுத்தமான வாதம், ஓட்டையில்லாத வாதம். அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இப்போது அதே வாதம் குழிக்குள்ளிருந்து அவளைப் பார்க்கிறது: பிரிக்கிறதுக்கு முன்னால் ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்தது, பிரிக்கிறதுக்கு முன்னால் இந்த மண் வழியாகத் தண்ணீர் போனது. வெளிச்சம் தொடரும் என்றால் தண்ணீரும் தொடரும். இல்லை, பைப் புதைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதே, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றாரே. ஆனால் இந்த முனையில் மீட்டர் தெரிகிறது, அந்த முனையில் குழாய் தெரிகிறது, நடுவில் தண்ணீர் என்ன பறந்தா போகிறது என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்கும், அவளே எதிர்த்தரப்பில் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பாள். இந்தப் பைப்பை உடைத்தால் அந்த ஜன்னலைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் இருக்காது. பெரியப்பாவுக்கு இது தெரியாது, தெரியவும் போவதில்லை, அவர் சட்டம் படித்தவரா என்ன. ஆனால் இவளுக்குத் தெரியுமே. தோற்றுப்போகிற வாதத்தைக்கூட விட்டுக்கொடுத்துவிடலாம், ஜெயிக்கிற வாதத்தைத் தன் கையாலேயே குத்திக் கொல்வதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. இது இரக்கம் இல்லை, இதை யாரும் இரக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைக்காகவும் இல்லை. வாதத்துக்காக.

கடப்பாரையைக் குழியிலிருந்து உருவினாள். வட்டத்தையும் குழியையும் அப்படியே விட்டுவிட்டு, வாசலின் மறுகோடிக்கு, வடகிழக்கு மூலைக்கு நடந்தாள். மீட்டருக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் எந்தக் கோடு போட்டாலும் இந்த மூலையைத் தொடாது, இங்கே வைத்தால் புங்கை இஷ்டத்துக்கு வேரை நீட்டலாம். அம்மா அவரைக்காய்க் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தாள். அங்க தோண்டாதேன்னு சொன்னதுக்கு நல்ல பிள்ளையா இங்க வந்திருக்கேன், என்றாள் இவள், பாராட்டை எதிர்பார்த்து. "நாசமாப் போச்சு, அது ஈசானி மூலைடி. ஈசானி மூலையில மரம் வைக்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது." "எந்தச் சட்டத்துல?" "ஒங்கிட்டப் பேசுறதுக்கு அந்தக் குழாய்கிட்டப் பேசலாம், அதாவது காத்தாச்சும் விடும்." முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, இந்த மூலைக்கும் ஒரு ஆட்சேபணை இருக்கிறது. ஆட்சேபணையே இல்லாத இடத்தில் கன்று வைத்து என்ன பிரயோஜனம். மனசு லேசாகிவிட்டது, ஆச்சரியமாக இருந்தது, தெற்கே நின்று தோண்டும்போது கையில் இருந்த கனம் இப்போது இல்லை, மண்ணும் இங்கே கொஞ்சம் இளகலாக இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, பைப் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தால் நாலு நாள் மண்டையை உடைத்திருக்க வேண்டாம். கேட்டிருந்தால், "எதுக்கும்மா?" என்பார், அப்புறம், "விடும்மா" என்பார். கேட்க மாட்டாள். கேட்கவும் இனித் தேவையில்லை. வளர்ந்ததும் இதன் கிளை ஒன்று சுவருக்கு மேலே போய் அந்தப் பக்கம் நிழல் விழும், விழட்டுமே, நிழலுக்கு என்ன, குழந்தையைப் போட்டுத் தூங்க வைப்பார்கள், பெரிய மனசு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானே சொல்லிக்கொள்ளலாம். ஓங்கி இறக்கினாள். மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இந்த மூலையில் இல்லை.

வெண்டைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம். சின்னச் சத்தம். கடப்பாரையின் வழியாக அது அவள் தோளுக்கு வந்துவிட்டது, காதுக்கு வருவதற்கு முன்னாலேயே. வேராக இருக்கும், என்று நினைத்தாள். இந்த மூலையில் ஏது வேர், ஒரு செடிகூடக் கிடையாதே. மண்டியிட்டுக் கையால் மண்ணை ஒதுக்கினாள், சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒரு முதுகு தெரிந்தது, அதில் பெருவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு வாய். உள்ளே விரலை விட்டாள். சில்லென்று இருந்தது, அடியில் போன வாரத்துத் தண்ணீர். இது இங்கே எப்படி, இது என்ன பைப், யாருடையது. எழுந்து நின்றாள், மீட்டரைப் பார்த்தாள், பைப் போகிற போக்கைப் பார்த்தாள்; அது கேட்டோரமிருந்து நேராக இந்த மூலைக்கு வந்து, இங்கே முழங்கையாக மடங்கி, சுவருக்கு அடியில் நுழைந்து வடபக்கத்து நடைபாதை வழியாகப் பின்வீட்டுக்குப் போகிறது. நேர்வழி இருக்க எதற்கு இந்தச் சுற்று. "என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறே," என்று அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து குழியை எட்டிப் பார்த்தாள். அப்புறம் சுவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "ஆமாடி. வீடு கட்டுறப்போ மேஸ்திரி சொன்னான், உள்ள வர்ற தண்ணி ஈசானி மூலையைத் தொட்டுட்டுத்தான் போகணும்னு. அப்பத்தான் காசு தங்குமாம். ஒங்க பெரியப்பாதான் போயி இன்னொரு லெங்த் பைப் வாங்கியாந்தாக. எனக்கு மறந்தே போச்சு." மறந்தே போச்சு! முன்வீட்டு ஆட்கள் எல்லாரும் நேர்கோடாகவே நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நடமாடியிருக்கிறார்கள், தண்ணீர் மட்டும் யாருக்கும் சொல்லாமல் சாமி மூலையைக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அம்மா என்ன சொன்னாலும் காதில் விழவில்லை இப்போது. குற்றத்துக்கு இரண்டு கால் வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே பாடம், செயல் ஒன்று, மனசு ஒன்று. தெற்குக் குழியில் மனசு இருந்தது, செயல் இல்லை. வடக்குக் குழியில் செயல் இருக்கிறது, மனசு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன் எவனும் ஒரு முழுக் குற்றவாளியைத்தான் பார்ப்பான். நேற்றுச் சாயங்காலம் ஒடைஞ்சா ஒடையட்டும் என்று கத்தியது யார். கேட்டது எத்தனை பேர். நல்ல எண்ணத்தோடு இந்தப் பக்கம் வந்தேன் என்று சொன்னால், அப்போ அந்தப் பக்கம் எந்த எண்ணத்தோடு போனே என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரிந்த எல்லா வாதமும் வரிசையாக வந்து நின்று உதட்டைப் பிதுக்கின. பேசி ஜெயிக்கவே முடியாத ஒரு உண்மை இருக்க முடியும் என்று அவளுக்கு இதற்கு முன்னால் தெரியாது. இன்னும் தண்ணீர் வரவில்லை. யாரும் பார்க்கவில்லை, அம்மாவைத் தவிர. மண்ணைத் தள்ளிக் கன்றை இதற்கு மேலேயே வைத்து மிதித்துவிட்டால், தண்ணீர் வருகிறபோது பின்வீட்டில் வராது, திறந்துவிடுகிற ஆளைத் திட்டுவார்கள், வால்வைத் திட்டுவார்கள், அடுத்த வாரமும் திட்டுவார்கள், அதற்குள் இவள் மதுரையில் இருப்பாள். கை மண்ணை அள்ளிக்கூட விட்டது. ஒரு கை மண். பைப்பின் வாய் திறந்தபடியே இருந்தது, அதற்குள் இதைப் போட்டால் குழந்தைக்குப் போகிற தண்ணீரில் போகும். கையை உதறினாள். அப்போது குழாயடியில் அந்தச் செருமல் நீண்டது, புஸ்ஸென்று ஒரு சீறல், குடத்தின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம், உடனே அவள் காலடியிலும் காற்று சீறி, சேறு கக்கி, பளிச்சென்று ஒரு முழ உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து அவள் முகத்தில் அடித்தது.

"ஐயையோ, மீட்டர்கிட்ட வால்வை மூடுடி!" சொல்லிவிட்டு அம்மாவே மீட்டருக்கு ஓடினாள். மூடினால் இங்கே நிற்கும், அங்கேயும் நிற்கும், அடுத்த வாரம் வரைக்கும் அங்கே ஒரு சொட்டு இல்லை. முனீஸ்வரி உள்ளங்கையால் வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் நாலு பக்கமும் பீறிட்டது. "மூடாதே! நம்ம குழாயை மூடு, வால்வை மூடாதே!" "ஒரு கொடம்கூட நெறையலைடி!" "மூடும்மா!" மூடினாள் போல, கைக்கு அடியில் தண்ணீர் முரட்டுத்தனமாக உந்தியது, குழந்தை வயிற்றுக்குள்ளிருந்து உதைப்பது இப்படித்தான் இருக்குமோ என்னவோ. இப்போது ஒரு காரியம் பாக்கி, அதைச் செய்வதற்கு வாதம் எதுவும் தேவையில்லை, வாய் வேண்டும். சுவர் எழும்பியதிலிருந்து சொல்லாத வார்த்தை. முதல் தடவை காற்றாக வந்தது. இரண்டாவது தடவை தெருவுக்கே கேட்டது. "மதினி! செண்பகம் மதினி! கொடத்தை எடுத்துட்டு வாங்க! இருக்கிற கொடம் பூராத்தையும்!" சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா குரல், "யாருடி அது கூப்பிடுறது?" மதினி குரல், "முன்வீட்டுப் பிள்ள." அப்புறம் பிளாஸ்டிக் குடங்கள் ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம், நடைபாதையில் செருப்பு, கேட்டின் தாழ்ப்பாள்.

தலைக்குத் துண்டு கட்டியிருந்தாள் மதினி, இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முகம் ஊதியிருந்தது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தாள். சேற்றில் மண்டியிட்டிருக்கிறவளை, கறுப்புப் பையில் சாய்ந்து கிடக்கிற கன்றை, கடப்பாரையை, தெற்கே சந்துமுனையில் வட்டம் போட்டு முழங்கால் ஆழத்துக்கு வெட்டி வெறுமனே விட்டிருக்கிற குழியை. அந்தக் குழியை மட்டும் கூடுதல் நேரம் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து குத்தவைத்து, குடம் சாய்கிற அளவுக்குக் குழியின் ஓரத்தைக் கையாலேயே பறித்து அகட்டினாள். முதல் குடத்தைச் சாய்த்து வைத்தாள். முனீஸ்வரி உள்ளங்கையைத் திருப்பித் தண்ணீரைக் குடத்தின் வாய்க்கு மடக்கிவிட்டாள், பாதி உள்ளே, பாதி மதினியின் மடியில். "வேணும்னே செஞ்சியா?" என்று மதினி குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சத்தமில்லாமல் கேட்டாள், அதனால் சத்தமாகப் பதில் சொல்ல வழியில்லை. முனீஸ்வரியிடம் மூன்று பதில் இருந்தது, மூன்றும் நிற்கும். "அந்தக் குழி வேணும்னேதான் தோண்டுனேன் மதினி. பைப் அங்க இருக்கும்னு. அங்க இல்ல. வேண்டாம்னு இங்க வந்தேன். இது தெரியாமப் பட்டுருச்சு." சொல்லி முடித்ததும்தான் அது எவ்வளவு மட்டமான வாக்குமூலம் என்று காதில் விழுந்தது, இதைவிடப் பொய் எவ்வளவோ கௌரவமாக இருந்திருக்கும். மதினி ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தாள். நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.

"எங்க அத்தைகிட்ட இப்பிடிச் சொல்லிராதே. உண்மையைச் சொன்னா நம்புற வீடு இல்ல அது."

"நீங்க நம்புறீகளா மதினி?"

"நானும் நம்பலை. கையைக் கொஞ்சம் எறக்கிப் பிடி, கொடத்துக்கு வெளியே போகுது."

முனீஸ்வரி கையை இறக்கிப் பிடித்தாள்.